அழகான படம் வேண்டாம், போதுமான படம் போதும்: சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சைக் குறைப்பது எப்படி?

2021 மே மாதத் தொடக்கத்தில் கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, நுரையீரல் பாதிப்புக்கு இருபத்தைந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று உறவினர்களுக்குச் சொல்வது பல ஊர்களில் வழக்கமாகியிருந்தது. அப்போது டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த டாக்டர் ரந்தீப் குலேரியா செய்தியாளர்களிடம் ஓர் எச்சரிக்கை விடுத்தார். ஒரு சி.டி. ஸ்கேன் 300 முதல் 400 மார்பு எக்ஸ்-ரேக்களுக்குச் சமம், லேசான அறிகுறி உள்ளவர்கள் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். இந்தியக் கதிரியல் மருத்துவர்களின் சங்கம் உடனே மறுத்தது. அது பழைய காலத்துக் கணக்கு, இன்றைய இயந்திரங்களில் ஒரு ஸ்கேன் ஐந்து முதல் பத்து எக்ஸ்-ரேக்களுக்குத்தான் சமம் என்பது அவர்கள் வாதம்.

ஒரே பரிசோதனையைப் பற்றி நாட்டின் மூத்த மருத்துவர்கள் சொல்லும் எண்கள் நாற்பது மடங்கு வேறுபட்டால் சாதாரண மனிதர் யாரை நம்புவது? இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். வழக்கமான முறையில் எடுக்கும் மார்பு சி.டி. உடலுக்குத் தரும் கதிர்வீச்சு சுமார் 7 மில்லிசீவர்ட் (உடலுக்கான கதிர்வீச்சுச் சுமையை அளக்கும் அலகு). முன்பக்கத்தை மட்டும் காட்டும் ஒற்றை மார்பு எக்ஸ்-ரே சுமார் 0.02 மில்லிசீவர்ட். வகுத்தால் 350 வருகிறது. இப்போது சி.டி.யைக் குறைந்த டோஸ் (கதிர் அளவு) முறையில் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு மில்லிசீவர்ட்டாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். எக்ஸ்-ரேயை முன்னும் பக்கவாட்டிலுமாக இரண்டு படங்களாகக் கொண்டால் 0.1 மில்லிசீவர்ட் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இப்போது வகுத்தால் பத்து அல்லது அதற்கும் கீழே வருகிறது.

ஆகவே 'சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சு இவ்வளவு' என்று ஒற்றை எண்ணைச் சொல்ல முடியாது. அந்த எண்ணை ஒவ்வொரு முறையும் மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். ஸ்கேன் வேண்டும் என்று எழுதும் மருத்துவர், எப்படி எடுப்பது என்று முடிவு செய்யும் கதிரியல் மருத்துவர், இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் டெக்னீஷியன், சில சமயம் நோயாளி, எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. ஒருவர் கவனமாக இருந்தால் அது பாதியாகும். எல்லோரும் கவனமாக இருந்தால் பத்தில் ஒன்றாகக்கூட ஆகும்.

இயந்திரம் என்ன செய்கிறது?

எக்ஸ்-ரே படத்தில் உடலின் முன்னும் பின்னும் உள்ள எல்லாமே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். சி.டி. அந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது. எக்ஸ்-ரே குழாய் உடலைச் சுற்றிச் சுழலும். எதிர்ப்புறத்தில் உள்ள உணரிகள், உடலைக் கடந்து எவ்வளவு கதிர் வெளியே வந்தது என்று ஒவ்வொரு கோணத்திலும் அளக்கும். அந்த அளவீடுகளிலிருந்து கணினி உடலின் குறுக்குவெட்டுப் படத்தைக் கட்டியெழுப்பும். லண்டனுக்கு அருகே விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் 1971 அக்டோபர் 1 அன்று முதல் நோயாளிக்கு இப்படி மூளையைப் படம் எடுத்தார்கள். கருவியை உருவாக்கியவர் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். 1979இல் ஆலன் கார்மாக்குடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்று ஒரு வெட்டுப் படத்துக்கு நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று ஒரு முழுச் சுற்று அரை விநாடிக்கும் குறைவு, நெஞ்சு முழுவதும் ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

அந்த வேகம் ஒரு வரம். ஆனால் இவ்வளவு எளிதாகிவிட்டதாலேயே ஸ்கேன்களின் எண்ணிக்கை பெருகியது. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் ஒரு மனிதருக்கு மருத்துவத்தின் வழியே ஆண்டுக்குக் கிடைத்த சராசரிக் கதிர்வீச்சு சுமார் 0.5 மில்லிசீவர்ட். 2006இல் அது 3 மில்லிசீவர்ட். அதில் ஏறக்குறைய பாதி சி.டி.யிலிருந்து வந்தது.

இரண்டு அலகுகளை மட்டும் தெரிந்துகொள்வோம். உடலின் ஒரு பகுதி எவ்வளவு கதிர் ஆற்றலை உள்வாங்கியது என்பதைச் சொல்வது கிரே. எந்தெந்த உறுப்பில் பட்டது, அவை எவ்வளவு பாதிப்புக்கு உள்ளாகக் கூடியவை என்பதையும் சேர்த்து முழு உடலுக்கான சுமையாக மதிப்பிட்டுச் சொல்வது சீவர்ட். இரண்டிலும் ஆயிரத்தில் ஒரு பங்கான 'மில்லி' அளவுகளே சி.டி.யில் பேசப்படும். தலை ஸ்கேன் சுமார் 2 மில்லிசீவர்ட், வயிறும் இடுப்பும் சேர்ந்தது 8 முதல் 10 வரை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண்: மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் இயற்கையாகவே நாம் ஆண்டுதோறும் பெறுவது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். கேரளத்தின் சவரா, கருநாகப்பள்ளிக் கரையிலும் நமது மணவாளக்குறிச்சிப் பக்கமும் மணலில் உள்ள தோரியத்தால் இது கூடுதல். கருநாகப்பள்ளி மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தபோது புற்றுநோய் அதிகரித்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகப் படுவதும் சில விநாடிகளில் மொத்தமாகப் படுவதும் ஒன்றா என்பது விவாதத்துக்குரியது. அந்த ஆய்வைக் காட்டி ஸ்கேனால் ஒன்றும் ஆகாது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

அபாயம் எவ்வளவு?

அச்சமூட்டுபவர்களும் அலட்சியப்படுத்துபவர்களும் சந்திக்கும் இடம் இது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2006இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 100 மில்லிசீவர்ட் பெற்ற நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் வரலாம். கதிர்வீச்சே படாவிட்டாலும் அந்த நூறு பேரில் 42 பேருக்கு வேறு காரணங்களால் வரும். இதே விகிதத்தில் கீழே இறக்கினால், 10 மில்லிசீவர்ட் தரும் ஒரு வயிற்று ஸ்கேனுக்கு ஆயிரத்தில் ஒருவர் என்று வருகிறது. இப்படி நேர்கோட்டில் இறக்குவது சரியா என்பதில் இயற்பியலாளர்களிடையே சண்டை தீரவில்லை. மிகக் குறைந்த அளவுகளில் உடல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்பது ஒரு தரப்பு. பாதுகாப்புக்காக நேர்கோட்டையே நம்புவோம் என்பது மறுதரப்பு. விதிமுறைகள் எழுதப்படுவது இரண்டாவது தரப்பின் கருத்தை ஒட்டியே.

குழந்தைகளைப் பொறுத்தவரை ஊகம் மட்டுமல்ல, நேரடித் தரவுகளும் உள்ளன. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் சிறு வயதில் சி.டி. எடுத்துக்கொண்ட ஏறக்குறைய ஒன்பதரை லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இன்றைய சராசரி அளவில் ஸ்கேன் செய்யப்படும் பத்தாயிரம் குழந்தைகளில் ஒருவர் அல்லது இருவருக்கு, அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் கதிர்வீச்சு காரணமாக ரத்தப் புற்றுநோய் வகைகளில் ஒன்று வரலாம் என்று அது கணித்தது. தலையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டிய குழந்தைக்கு இந்த எண்ணைக் காட்டி ஸ்கேனை மறுப்பது மடமை. அதே சமயம், லேசாக முட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே ஓடும் குழந்தைக்குப் பெற்றோரின் மன நிம்மதிக்காக ஸ்கேன் எடுக்கும்போது இதே எண் பெரிதாகத் தெரிய வேண்டும்.

முதல் கேள்வி: இந்த ஸ்கேன் தேவையா?

எடுக்காத ஸ்கேனின் கதிர்வீச்சு பூஜ்யம். எந்தத் தொழில்நுட்பமும் இதை வெல்ல முடியாது. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த நெறிகளில் முதலாவது, நன்மை தீமையைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டுமே எடு என்பது. இரண்டாவது, எடுப்பதென்று முடிவாகிவிட்டால் தேவையான விடை கிடைக்கும் அளவுக்கு மட்டும் கொடு என்பது. இங்கே பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. கதிர்வீச்சுக் கூடங்களில் பணியாற்றுபவர்களுக்கு இந்தியாவில் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்ற உச்ச வரம்பு இருக்கிறது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். நோயாளிக்கு அப்படி வரம்பே இல்லை. உயிரைக் காப்பாற்ற ஐந்தாவது ஸ்கேன் தேவை என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும், சட்டம் குறுக்கே வரக் கூடாது என்பதால் இப்படி விட்டிருக்கிறார்கள். அதனால் பொறுப்பு முழுவதும் முடிவெடுப்பவர் தலையில் விழுகிறது.

தலையில் அடிபட்ட குழந்தைகளுக்கு அந்த முடிவை எடுக்க நல்ல கருவி ஒன்று இருக்கிறது. வட அமெரிக்காவில் 42,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட விதி அது. நினைவு தடுமாறுகிறதா, மண்டையோடு உடைந்ததற்கான அறிகுறி உண்டா, எவ்வளவு நேரம் மயக்கம், வாந்தி உண்டா, எப்படி விழுந்தது என்று சில கேள்விகளைக் கேட்டாலே, ஸ்கேன் இல்லாமல் கண்காணித்தால் போதும் என்று விடக்கூடிய குழந்தைகளை அடையாளம் காணலாம். குழந்தையின் வயிற்று வலிக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், பிறகு தேவைப்பட்டால் மட்டும் சி.டி. என்ற வரிசையும் இதே தர்க்கம்தான். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இவ்வகைக் கதிர்வீச்சு கிடையாது.

எந்த உபாதையும் இல்லாதவர்களுக்கு 'முழு உடல் சி.டி.' என்று விற்கப்படும் பரிசோதனைத் தொகுப்புகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஏதாவது கிடைக்கும்; கிடைப்பதில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை; அவை ஒன்றுமில்லாதவை என்று உறுதிசெய்ய இன்னும் இரண்டு ஸ்கேன் எடுப்பார்கள். இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. பல ஆண்டுகள் கடுமையாகப் புகைபிடித்தவர்களுக்குச் சுமார் 1.5 மில்லிசீவர்ட் அளவில் ஆண்டுதோறும் நுரையீரல் ஸ்கேன் எடுத்தபோது, மார்பு எக்ஸ்-ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்ததை 53,000 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு 2011இல் காட்டியது. யாருக்கு எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கரகரப்பின் கணிதம்

எடுப்பதென்று முடிவாகிவிட்டது. இனி எவ்வளவு கதிர்? இதைப் புரிந்துகொள்ள சி.டி. படத்தின் ஓர் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். கதிர் குறையக் குறையப் படத்தில் மணலைத் தூவியதுபோல ஒரு கரகரப்பு தோன்றும். உணரிக்கு வந்து சேரும் கதிர்த் துகள்கள் குறைவாக இருந்தால் எண்ணிக்கையில் தற்செயலான ஏற்ற இறக்கம் அதிகமாகத் தெரியும் என்பதே காரணம். கதிரைப் பாதியாக்கினால் கரகரப்பு இரட்டிப்பாகாது, சுமார் 40 சதவீதம்தான் கூடும். கரகரப்பைப் பாதியாக்க வேண்டும் என்றாலோ கதிரை நான்கு மடங்காக்க வேண்டும். அழகான படத்துக்கு விலை மிக அதிகம்.

அந்த அழகு தேவையா என்பது நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. சிறுநீரகக் கல் சுற்றியுள்ள தசையைவிடப் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். கரகரப்பு எவ்வளவு இருந்தாலும் அதைத் தவறவிட மாட்டோம், ஆகவே 3 மில்லிசீவர்ட்டுக்கும் கீழே எடுத்துவிடலாம். நுரையீரலில் உள்ள சிறு முடிச்சும் அப்படித்தான்: கறுத்த காற்றுக்கு நடுவே வெண்புள்ளி. கல்லீரலில் உள்ள கட்டி மட்டும் வேறு கதை. அதன் நிறம் சுற்றியுள்ள கல்லீரலின் நிறத்தை ஒட்டியே இருக்கும், கொஞ்சம் கரகரப்பு கூடினாலும் மறைந்துவிடும். அங்கே கதிரைக் கஞ்சத்தனமாகக் குறைத்தால், எதற்காக ஸ்கேன் எடுத்தோமோ அதையே இழந்து மீண்டும் எடுக்க நேரிடும். இரண்டு தடவை எடுத்த குறைந்த டோஸ் ஸ்கேன் சிக்கனமல்ல. இதனால்தான் மருத்துவர் சீட்டில் வெறுமனே 'வயிறு சி.டி.' என்று எழுதாமல், எதைத் தேடுகிறார் என்று ஒரு வரி எழுதுவது கதிர்வீச்சைக் குறைக்கும் செயல். 'கல் இருக்கிறதா?' என்ற இரண்டு சொற்கள் டோஸைப் பாதிக்கும் கீழே கொண்டுவரக் கூடியவை.

இந்தக் கணிதத்தில் ஒரு பொறி இருக்கிறது. பழைய ஃபிலிம் எக்ஸ்-ரேயில் கதிர் கூடிவிட்டால் படம் கறுத்துப்போகும், தவறு உடனே தெரியும். சி.டி.யில் கதிர் கூடினால் படம் இன்னும் தெளிவாகும். பார்ப்பவர் பாராட்டுவார், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் சீடர்ஸ்-சினாய் மருத்துவமனையில் 2008 பிப்ரவரியிலிருந்து பதினெட்டு மாதங்கள் இதுதான் நடந்தது. பக்கவாதம் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்க ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம்பிடிக்கும் ஸ்கேன் அது. இயந்திரத்தின் அமைப்பை மாற்றியபோது நேர்ந்த பிழையால், அதிகபட்சம் அரை கிரே கிடைத்திருக்க வேண்டிய தலைக்கு 3 முதல் 4 கிரே கிடைத்தது. 206 பேர். கண்டுபிடித்தது எந்தப் பரிசோதனையும் அல்ல, தலைமுடி கொத்தாக உதிர்கிறதே என்று ஒரு நோயாளி கேட்ட கேள்வி. ஒவ்வொரு ஸ்கேனின்போதும் இயந்திரத்தின் திரையில் டோஸ் எண் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பார்க்கும் பழக்கம் இல்லை. இதன் விளைவாக கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு சி.டி. அறிக்கையிலும் டோஸைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டம் வந்து, 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

டெக்னீஷியனின் கையில் இருப்பவை

குழாயில் பாயும் மின்னோட்டத்தைக் குறைத்தால் கதிர் அதே விகிதத்தில் குறையும். நேரடியான கணக்கு. மின்னழுத்தம் அப்படியல்ல. 120 கிலோவோல்ட்டிலிருந்து 100க்கு இறக்கினாலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். 80க்கு இறக்கினால் மூன்றில் ஒன்றே மிஞ்சும். இதில் எதிர்பாராத லாபமும் உண்டு. ரத்தக் குழாய்களைக் காட்ட சிரை வழியே செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்தில் அயோடின் இருக்கிறது. குறைந்த அழுத்தத்தில் வரும் கதிர்களை அயோடின் கூடுதலாக உறிஞ்சும், ஆகவே ரத்தக் குழாய்கள் இன்னும் பளிச்சென்று தெரியும். ஒல்லியானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது நல்ல வழி. பருத்த உடலில் வலுக்குறைந்த கதிர் உள்ளேயே அடங்கிவிடும் என்பதால் அங்கே செல்லாது.

உடலின் பருமன் இதில் நாம் நினைப்பதைவிடப் பெரிய காரணி. சுமார் நான்கு சென்டிமீட்டர் தசையைக் கடக்கும்போது கதிர் பாதியாகிவிடும். எட்டு சென்டிமீட்டர் மெலிந்த உடலுக்குக் கால்பங்கு கதிர் போதும் என்று பொருள். இந்த எளிய உண்மையை உலகம் நீண்ட காலம் கவனிக்கவில்லை. பெரியவர்களுக்கான அமைப்பிலேயே குழந்தைகளையும் ஸ்கேன் செய்துவந்தார்கள் என்று 2001 பிப்ரவரியில் அமெரிக்கக் கதிரியல் இதழ் ஒன்றில் வந்த கட்டுரைகள் அம்பலப்படுத்தின. செய்தித்தாள்களில் அது பெரிய பரபரப்பானது. 2008இல் 'இமேஜ் ஜென்ட்லி' என்ற இயக்கம் தொடங்கி, குழந்தைகளுக்குரிய அமைப்புகளை மருத்துவமனைகள்தோறும் கொண்டுசேர்த்தது.

இப்போதைய இயந்திரங்களில் மின்னோட்டம் தானாகவே கூடிக் குறையும். தோள்பட்டையில் பக்கவாட்டில் செல்லும்போது கூடும், நுரையீரலில் குறையும். ஆனால் இந்தத் தானியங்கி முதலில் எடுக்கும் முன்னோட்டப் படத்தை நம்பி வேலை செய்கிறது. நோயாளி வளையத்தின் நடுவில் படுக்காமல், குழாய்க்கு அருகே சற்று விலகிப் படுத்திருந்தால் முன்னோட்டப் படத்தில் அவர் உண்மையைவிடப் பருமனாகத் தெரிவார். இயந்திரம் ஏமாந்து கூடுதல் கதிரைப் பாய்ச்சும். மேசையை இரண்டு சென்டிமீட்டர் ஏற்றி இறக்க ஒரு நொடி ஆகும். நெரிசல் மிகுந்த காலை வேளையில் அந்த ஒரு நொடிதான் முதலில் காணாமல் போகும். கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்வதும் இதற்காகவே. கைகள் பக்கவாட்டில் இருந்தால் அவற்றையும் ஊடுருவ வேண்டியிருக்கிறது என்று தானியங்கி கதிரைக் கூட்டும். 'மூச்சை அடக்குங்கள்' என்று ஒலிபெருக்கியில் சொல்வதை அப்படியே செய்தால் படம் கலங்காது, மறுபடி எடுக்கும் வேலை இருக்காது.

எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதும் டெக்னீஷியனின் முடிவு. நெஞ்சு ஸ்கேன் என்று சொல்லிவிட்டுச் சிறுநீரகம் வரை போவது பல இடங்களில் சாதாரணம். ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணக்கில் சேரும். அதைவிடப் பெரிய கசிவு கட்டங்களில் இருக்கிறது. கான்ட்ராஸ்ட் செலுத்துவதற்கு முன் ஒன்று, தமனியில் இருக்கும்போது ஒன்று, சிரையில் ஒன்று, சில நிமிடம் கழித்து ஒன்று என்று ஒரே வயிற்றை நான்கு முறை எடுப்பது உண்டு. நான்கு முறை என்றால் ஏறக்குறைய நான்கு மடங்கு. கல்லீரல் கட்டியை வகைப்படுத்த இது தேவைப்படலாம். காய்ச்சலுக்குக் காரணம் தேடும் ஸ்கேனில் ஒரே ஒரு கட்டம் பெரும்பாலும் போதும். என்னைக் கேட்டால், புதிய இயந்திரம் வாங்காமலேயே ஒரு மையம் இன்றே செய்யக்கூடிய மிகப் பெரிய குறைப்பு இதுதான்.

புதிய இயந்திரங்களின் பங்கையும் மறுக்க முடியாது. அளவீடுகளிலிருந்து படத்தை நேரடியாகக் கட்டாமல், ஒரு படத்தை ஊகித்து, அளவீட்டோடு ஒப்பிட்டு, திருத்தி, மீண்டும் ஒப்பிட்டுச் செல்லும் முறை கடந்த பதினைந்து ஆண்டுகளில் பரவலானது. கரகரப்பை அது குறைப்பதால் அந்த அளவுக்குக் கதிரையும் குறைக்கலாம். 2019 முதல் செயற்கை நுண்ணறிவும் இந்த வேலைக்கு வந்துவிட்டது. கதிர்த் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் உணரிகள் கொண்ட இயந்திரத்துக்கு 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு சிறு எச்சரிக்கை: இவை எல்லாம் கதிரைக் குறைப்பதற்கான வாய்ப்பைத் தருகின்றன, குறைத்துவிடுவதில்லை. பழைய அமைப்பிலேயே புதிய இயந்திரத்தை ஓட்டினால் அதே கதிரில் இன்னும் அழகான படம் வரும், அவ்வளவுதான். 'எங்களிடம் 128 ஸ்லைஸ் இருக்கிறது' என்ற விளம்பரப் பலகை ஒரு சுற்றில் கிடைக்கும் வெட்டுப் படங்களின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது, டோஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஈயக் கவசம் கேட்கலாமா?

ஈயக் கவசம் போடவில்லையே என்று பலர் வருத்தப்படுவார்கள். படம் எடுக்கும் பகுதிக்குள் ஈயம் வந்தால் மேலே சொன்ன தானியங்கி அதையும் ஊடுருவப் பார்த்துக் கதிரைக் கூட்டிவிடலாம், படத்திலும் கோடுகள் விழும். பகுதிக்கு வெளியே போட்டாலோ பயன் மிகச் சொற்பம். ஏனெனில் அங்கே சேரும் கொஞ்சக் கதிரில் பெரும்பகுதி நோயாளியின் உடலுக்குள்ளேயே சிதறி வருவது. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் நோயாளிகளின் இனப்பெருக்க உறுப்புகளுக்கும் கருவுக்கும் கவசம் போடும் வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. கவசம் இல்லாததைக் கவனக்குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். குழந்தையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்கும் பெற்றோருக்குக் கவசம் கட்டாயம்.

கர்ப்பிணிகள் பற்றிச் சுருக்கமாக. தலையையோ நெஞ்சையோ ஸ்கேன் செய்யும்போது கருவுக்குச் சேர்வது மிகக் குறைவு. வயிற்றில் நேரடியாக எடுக்கும்போது கூட ஒரு கட்ட ஸ்கேனில், உறுப்புக் குறைபாடு ஏற்படக்கூடும் என்று கருதப்படும் 100 மில்லிகிரேயை எட்டுவதில்லை. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விபத்தில் அடிபட்ட கர்ப்பிணிக்குத் தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போடுவதே கருவுக்குப் பெரிய ஆபத்து.

உங்கள் டோஸை நீங்களே கணக்கிடலாம்

ஸ்கேன் முடிந்ததும் தரும் குறுந்தகட்டில் அல்லது படங்களின் கடைசியில் 'டோஸ் ரிப்போர்ட்' என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று சி.டி.டி.ஐ., மில்லிகிரேயில். அக்ரிலிக்கால் செய்த ஓர் உருளையை வைத்து அளந்த, இயந்திரம் வெளியிட்ட கதிரின் செறிவு அது. மற்றொன்று டி.எல்.பி. அந்தச் செறிவை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கிய மொத்தம். இந்த டி.எல்.பி.யை, தலையானால் 0.0021ஆலும், நெஞ்சானால் 0.014ஆலும், வயிறானால் 0.015ஆலும் பெருக்கினால் தோராயமான மில்லிசீவர்ட் கிடைத்துவிடும். வயிற்று ஸ்கேனில் டி.எல்.பி. 600 என்றால் 9 மில்லிசீவர்ட். நெஞ்சு ஸ்கேனில் 100 என்றால் 1.4. இவை பெரியவர்களுக்கான பெருக்கெண்கள், சராசரி உடலுக்கானவை. உங்கள் உடலுக்கென்று துல்லியமாகச் சொல்பவை அல்ல.

அந்த எண் அதிகமா குறைவா என்று முடிவு செய்யவும் ஒரு முறை இருக்கிறது. ஒரு நாட்டில் அல்லது பகுதியில் பல மருத்துவமனைகள் ஒரே வகை ஸ்கேனுக்குக் கொடுக்கும் டோஸ்களைத் திரட்டி, நான்கில் மூன்று பங்கு மருத்துவமனைகள் எந்த எண்ணுக்குக் கீழே இருக்கின்றனவோ அதை ஒப்பீட்டு அளவாக வைத்துக்கொள்வார்கள். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 1996இல் இதற்கு 'டயக்னாஸ்டிக் ரெஃபரன்ஸ் லெவல்' என்று பெயரும் வைத்தது. உங்கள் மையம் தொடர்ந்து அதற்கு மேலே இருந்தால் யாரோ ஒருவர் அமைப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். இந்தியாவில் சி.டி. இயந்திரத்தை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் தேவை, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும். அந்த அலுவலர் யார் என்று வரவேற்பில் கேட்டுப் பாருங்கள். எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதிலிருந்தே அந்த மையத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இந்த ஸ்கேனின் முடிவு சிகிச்சையை மாற்றுமா, அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதுமா, போன மாதம் வேறு மருத்துவமனையில் எடுத்ததே போதாதா. கடைசிக் கேள்விக்குப் பயன்படப் பழைய படங்கள் கையில் இருக்க வேண்டும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, ஃபிலிமும் முழுமையல்ல. படங்கள் முழுவதும் பதிந்த தகட்டை அல்லது இணைய இணைப்பைக் கேட்டு வாங்கி வையுங்கள், டோஸ் பக்கமும் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தகடு சில ஆண்டுகளில் கீறல் விழுந்து படிக்க முடியாமல் போகும் என்பதால் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி எடுத்து, தேதியும் உடல் பகுதியும் தெரியும்படி கோப்புறைக்குப் பெயர் வைத்துவிடுவது நல்லது.